தவளைக் காரின் புது டயர்கள்

டயரின் ஓரத்தில் வெடிப்பு ஓடியிருப்பதை முதலில் பார்த்தது நான்தான். மாட்டுக்கு வைக்கோல் எடுக்கக் கொட்டகைக்குள் போனவள், கீழே விழுந்த கொக்கியைத் தேடிக் குனிந்துவிட்டு, அங்கே நின்ற காரின் பின்சக்கரத்தில் கை ஊன்றி எழுந்தேன். ரப்பர் சொரசொரவென்று இருந்தது. உற்றுப் பார்த்தால் பக்கவாட்டு முழுக்க மெல்லிய கோடுகள். நகத்தை வைத்து அழுத்தினேன். நகம் உள்ளே போயிற்று. மற்ற மூன்றையும் பார்த்தேன். மூன்றிலும் அதே கதைதான். வைக்கோல் எடுக்காமலேயே திரும்பி வந்துவிட்டேன். மாடு கத்திய பிறகுதான் நினைவு வந்தது.

நான் எதற்கும் பயப்படுகிறவள். கேஸை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதால், அச்சடித்த இங்கிலீஷ் எதைப் பார்த்தாலும் அதில் எனக்குத் தெரியாத ஆபத்து ஒன்று எழுதியிருப்பதாகவே தோன்றும். அப்படிப்பட்டவளிடம்தான் என் வீட்டுக்காரர் அந்தக் காரை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்.

கார் என்றால் ஊரில் ஓடுகிற கார் இல்லை. இரண்டே கதவு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் ஒரு கட்டைப்பையை வைக்கலாம். மஞ்சள் நிறம், நம் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கூட. வெளிநாட்டில் இவர் வேலை பார்ப்பது இந்த மாதிரிக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒர்க்ஷாப்பில். நாள் முழுக்கப் பளபளப்பாக்கித் தருவார், ஆனால் ஒன்றில்கூட ஏறி உட்கார முடியாது. அந்த ஏக்கத்தில், ஒரு லீவுக்கு வந்தபோது, கோயம்புத்தூரில் ஒருவர் வைத்துக்கொள்ள இடமில்லாமல் கொடுத்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு அரிமளத்துக்கு வந்து இறங்கினார். தெருவே கூடிச் சிரித்தது. என் கொழுந்தன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “அண்ணே, தவளை ஒண்ணு ஒக்காந்திருக்க மாதிரி இருக்கு” என்றார். அன்றிலிருந்து அது தவளைக் கார்.

அந்த லீவு முடிவதற்குள் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் எடுக்க வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். “பேட்டரி செத்துப் போகும், வாரம் ஒரு தரம் எடுத்து ஓட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார். பயந்துகொண்டேதான் எடுப்பேன். ஆனால் இன்ஜின் உறுமியதும் என்னவோ செய்யும். பெருமாள் கோவில் வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். அந்தச் சின்னத் தூரம்தான் அந்த வாரத்தில் நான் யாருக்கும் சமைக்காத, யாருக்கும் பதில் சொல்லாத நேரம்.

வெடிப்பைப் பார்த்த அன்று சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. நான் டயரைச் சொல்வதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

“லீவு இல்லைன்னுட்டாங்கம்மா.”

இடி விழுந்த மாதிரி இருந்தது. அவருக்கு ஒரே தங்கை. மணமேல்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுடைய மகளுக்கு ஆவணியில் காதுகுத்து. தங்கையைக் கட்டிக் கொடுத்த காலத்திலேயே, “ஒம் புள்ளைக்குக் காது குத்துறப்போ மாமன் சீரு எங் காருலதான் வந்து எறங்கும்” என்று பந்தியில் சொல்லி வைத்தவர் இவர். அப்போது இவரிடம் சைக்கிள்கூட இல்லை. அதை அவளுடைய மாமியார் மறக்கவே இல்லை. போன மாதம்கூட, “மாமன் வருவானா, இல்லை சீரு போன்லயே வந்துருமா?” என்று கேட்டாளாம். நாத்தனார் என்னிடம் சொல்லி அழுதாள்.

“மடியில வச்சுக் காது குத்தத் தம்பி இருக்கான். அது பிரச்சினையில்ல” என்றார் இவர். “ஆனா நான் வரலேன்னாலும் எங் காரு அந்த வாசல்ல போயி நிக்கணும். சீரு அதுலேருந்துதான் எறங்கணும். நீதான் ஓட்டிட்டுப் போகணும்.”

“டயரு வெடிச்சிருக்குங்க.”

“மாத்து.”

“எந்த டயருன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

“நான் பெயின்ட்டுக்காரன். டயரைப் பத்திக் கேட்டா நான் மட்டும் என்னத்தைக் கண்டேன்? கண்ணால பாக்குறவ நீ. நீயே பாத்து முடிவெடு.”

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பெருமாள் கோவிலைத் தாண்டாதவள் அறந்தாங்கியைத் தாண்டி மணமேல்குடிக்குப் போக வேண்டும். வெடித்த டயரோடு போனால் வழியில் என்ன ஆகும் என்று யோசிக்க ஆரம்பித்தால் மனசு நிற்கவே இல்லை, எங்கேயோ போய் முடிந்தது.

மறுநாள் கொழுந்தன் வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். அவர் பக்கத்து வீடு. டிராக்டர் வைத்து உழவும் ஓட்டுவார், செங்கல் லோடும் அடிப்பார். வாய்தான் கொஞ்சம் நீளமே தவிர, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற மனுஷன்.

“பட்டன் அப்படியே புதுசாட்டம் இருக்கு அண்ணி. இதைப் போயி மாத்துறதா?” என்றார். டயரின் மேல் ரப்பர்க் கட்டிகளைத்தான் எங்கள் பக்கம் பட்டன் என்போம். ஓடாமலே நின்ற கார் என்பதால் பட்டன் தேயவில்லைதான்.

“பல்லு இருந்து என்ன தம்பி, ஈறு செத்துப் போச்சே” என்றேன்.

அவர் வெடிப்பைப் பார்த்தார். போனை எடுத்து ஒரு டயரைப் படம் பிடித்தார். நான் என் போனில் நான்கையும் பிடித்தேன்.

“நாலும் ஒண்ணுதானே அண்ணி? எதுக்கு இத்தனை படம்?”

“ஒங்க டிராக்டருக்கு நாலும் ஒண்ணா தம்பி?”

சும்மா, வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் ராத்திரி படங்களைப் பெரிதாக்கி, டயரில் அச்சடித்த சைஸ் எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தபோது பின்சக்கரத்தின் எண் வேறாக இருந்தது. பின்னால் இருக்கிறது அகலம் கூட. எத்தனையோ தடவை அந்தக் காரைக் கழுவியிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. நாலும் ஒன்று என்று போய் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து மறுபடியும் தூக்கம் போயிற்று. ஆனால் இந்தத் தடவை, அந்தக் கவலைக்குள்ளே ஓர் ஓரத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வெடித்த டயரோடு காரைப் புதுக்கோட்டை வரைக்கும் ஓட்ட நான் ஒத்துக்கொள்ளவில்லை. கொழுந்தன் யோசித்து, “சக்கரத்தை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போவோம்” என்றார். அதுவும் லேசில் நடக்கவில்லை. கார் அவ்வளவு தாழ்வு, அவருடைய ஜாக்கி அடியில் நுழையவே இல்லை. பலகைகளைப் போட்டு அதன் மேல் சக்கரத்தை ஏற்றி, கொஞ்சம் உயரம் கிடைத்த பிறகுதான் ஜாக்கியை உள்ளே தள்ள முடிந்தது. ஜாக்கிக்கும் காருக்கும் நடுவில் பழைய ரப்பர்ச் செருப்பை வைக்கச் சொன்னேன். “காருக்குச் செருப்புப் போட்ட மொத ஆளு நீங்கதான்” என்றார். நான்கு பக்கமும் பனங்கட்டைகளைக் கொடுத்து உட்கார வைத்தோம். சக்கரமில்லாமல் அது நிஜமாகவே தவளை மாதிரிதான் இருந்தது.

டிராக்டர் டிரெய்லரில் நான்கு சக்கரங்களையும் சாக்கில் சுற்றிப் படுக்க வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து புதுக்கோட்டைக்குப் போனேன். முன்பே போனில் எண்களைச் சொல்லியிருந்ததால், கடைக்காரர் திருச்சியிலிருந்து இரண்டு விதமான டயர்களை வரவழைத்து வைத்திருந்தார். வழுக்கைத் தலை, சிரித்த முகம்.

“இந்த சைசைக் கேட்டு ஒரு ஆளு எங் கடைக்குப் போன் பண்ணதே இல்லக்கா. நான் மொதல்ல யாரோ வெளையாடுறாங்கன்னு நெனைச்சேன்” என்றார்.

இரண்டையும் எங்கள் முன்னால் உருட்டி நிறுத்தினார். ஒன்று கெட்டி ரப்பர். வெகு நாள் ஓடுமாம். இன்னொன்று மிருதுவானது. ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடுமாம். விலையும் அதுதான் கூட. விலையைக் கேட்டதும் கொழுந்தன் குடித்துக்கொண்டிருந்த சோடாவைக் கீழே வைத்தார்.

“கெட்டியையே குடுங்கண்ணே. கூடக் காசு குடுத்துச் சீக்கிரம் தேயிறதை வாங்க நாங்க என்ன கேனையா?”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். “ஓட்டுறது யாரு?”

“நாந்தான்.”

“அப்ப நீங்க சொல்லுங்கக்கா. ஒங்களுக்கு என்ன வேணும்?”

என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. எனக்கு என்ன வேணும்? எத்தனை வருஷம் ஓடும் என்பது எனக்குக் கவலையே இல்லை. எனக்கு இருந்ததெல்லாம் ஒரே கேள்வி.

“மழையில பிரேக்கு போட்டா எது நிக்கும்?”

அவர் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து வந்தார். மிருதுவான டயரை நிறுத்தி, அதன் மேல் மெல்ல ஊற்றினார். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டிய பள்ளங்கள், வி எழுத்தை அடுக்கி வைத்த மாதிரி. தண்ணீர் நடுவில் விழுந்து, இரண்டு ஓரத்துக்கும் ஓடி வழிந்தது.

“ரோட்டுல கெடக்குற தண்ணியை இது இப்படி ரெண்டு பக்கமும் தள்ளி விட்டுரும். ரப்பர் தார் மேல ஒக்காரும். தண்ணி மேல மெதக்காது. ஆனா ஒண்ணு, இந்த அம்புக்குறி எங்கிட்டுக் காட்டுதோ அங்கிட்டுத்தான் சுத்தணும். திருப்பிப் போட்டா தண்ணியை நடுவுக்கு வாரும். அப்ப வழுக்கும்.”

டயரின் ஓரத்தில் அம்புக்குறி இருந்தது. இங்கிலீஷ் இல்லை, வெறும் அம்பு. படிக்காதவளுக்கும் புரிகிற எழுத்து.

“இதையே போடுங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அதோடு விடவில்லை. அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற டயர் கிடங்கில் கிடந்த பழசாக இருந்துவிட்டால்? ரொட்டிப் பாக்கெட்டில் தேதி பார்ப்பது போல டயரில் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று பக்கவாட்டில் அச்சாகியிருந்த எண்ணைக் காட்டினார். நான்கிலும் பார்த்தேன். எல்லாம் புதுசு. “போலீஸ்காரங்க தோத்தாங்க” என்று முனகினார் கொழுந்தன்.

பழையதைக் கழற்றி, புதியதை ரிம்மில் ஏற்றி, காற்றடித்தபோது டயர் ரிம்மில் போய் உட்காருகிற சத்தம் ‘டொப்’பென்று கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றையும் மிஷினில் சுற்ற விட்டு, எடை குறைகிற இடத்தில் சின்ன ஈயத் துண்டுகளை ஒட்டினார்கள். கிளம்பும்போது கடைக்காரர் சாக்பீஸால் சக்கரங்களின் உள்பக்கம் இடது, வலது என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். “கொஞ்சத் தூரம் ஓடுன பெறகு நட்டை ஒரு தரம் இறுக்கிப் பாத்துக்குங்க” என்று சொல்லி அனுப்பினார்.

சீருக்கு முதல் நாள் காலையில் கொழுந்தன் சக்கரங்களை மாட்டினார். நான் சமையலில் இருந்தேன். முடிந்ததும் கூப்பிட்டார். எங்கள் பக்கம் வண்டிக்குப் புதுசாக எதை மாட்டினாலும், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் வண்டி தெருவுக்கு இறங்காது. வீட்டு மரத்திலிருந்து பறித்த பழங்களை வைத்தார். சூடம் காட்டினேன். ஏறி உட்கார்ந்து, மெல்லக் காரை முன்னால் நகர்த்தினேன். பழங்கள் நசுங்குகிற சத்தம் நான்கு பக்கமும் கேட்டது. கார் வாசல் தெளித்த ஈர மண்ணில் உருண்டு போய் நின்றது.

இறங்கித் திரும்பிப் பார்த்தேன். வாசலில் தடம் அழகாகப் பதிந்திருந்தது, வி மேல் வி அடுக்கி. பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ உறுத்தியது. என்ன என்று உடனே தெரியவில்லை. டிராக்டர்த் தடத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். வயலில் உழுது போன டிராக்டரின் தடத்தில், அந்த வியின் கூரான மூக்கு டிராக்டர் வந்த வழியைப் பார்த்து இருக்கும். இங்கே மூக்கு போகிற வழியைப் பார்த்து இருந்தது.

ஓடிப் போய் டயரில் அம்பைத் தேடினேன். அம்பு பின்னால் காட்டியது. மறுபக்கம் போனேன். அங்கேயும் பின்னால்தான்.

“தம்பி, டயரு திரும்பியிருக்கு!”

“தெரியும் அண்ணி” என்றார் கொழுந்தன், கையைத் துடைத்துக்கொண்டே. “நாந்தான் வேணும்னே எடதை வலதாவும் வலதை எடதாவும் மாத்திப் போட்டேன்.”

நான் அம்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“என் டிராக்டர்ல பாருங்க. உழுறப்ப நேராப் போடுவேன். செங்கல் லோடு அடிக்கிற சீசன்ல திருப்பிப் போட்டுருவேன். தார் ரோட்டுல நேரா ஓடுனா பட்டன் சீக்கிரம் தேஞ்சுரும். திருப்பிப் போட்டா ரெண்டு மடங்கு ஓடும். இந்தத் தவளை என்ன வயல்லயா எறங்கப் போவுது? ரோட்டுலதானே போவுது? அவ்வளவு வெலை குடுத்து வாங்கியிருக்கீங்க, ரெண்டு வருசம் கூட ஓடட்டுமேன்னுதான்.”

“கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே தம்பி.”

“அவருக்கென்ன, சீக்கிரம் தேஞ்சாத்தானே நம்ம மறுபடியும் அவரு கடைக்குப் போவோம்?”

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எங்கள் காசை மிச்சம் பிடிக்கத்தான் செய்தார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தவிர, இத்தனை வருஷம் டிராக்டர் ஓட்டுகிறவர் சொல்கிறார், பெருமாள் கோவிலைத் தாண்டாத நான் என்ன சொல்ல? ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் கண்ணுக்குள் அந்தச் சொம்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“தம்பி, டிராக்டரு எவ்வளவு வேகத்துல போகும்?”

“அது ஒரு... மெதுவாத்தான் போகும்.”

“மெதுவாப் போறதுக்குத் தண்ணி ஒரு பிரச்சினையே இல்ல. இது போற வேகத்துக்குத் தண்ணியைத் தள்ளி விட்டாத்தான் தரையில நிக்கும். கழட்டி மாத்துங்க.”

அவர் முகம் மாறியது. “எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு. சூடம் காட்டியாச்சு. அதுக்கப்புறம் சக்கரத்தைக் கழட்டுனா சகுனம் என்னாகுறது? நாளைக்கு நல்ல காரியத்துக்குப் போறோம் அண்ணி.”

இந்த இடத்தில்தான் என் வாழ்க்கையில் எல்லாத் தடவையும் நான் பின்வாங்குவேன். சகுனம் என்ற சொல்லுக்கு என்னைப் போலப் பயப்படுகிறவள் எங்கள் தெருவில் கிடையாது. ஆனால் அன்றைக்கு என்ன ஆயிற்றோ, ஒரு பயத்தை இன்னொரு பயம் அமுக்கிவிட்டது.

“மரத்துல இன்னும் பழம் இருக்கு தம்பி. கழட்டுங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வீல் ஸ்பேனரை எடுத்தார். “அண்ணன் அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டு இங்கிட்டு ஒரு இன்ஸ்பெக்டரை வச்சுட்டுப் போயிருக்காரு” என்றார். ஆனால் கழற்றினார். முன்சக்கரங்களை அவற்றுக்குள்ளும், பின்சக்கரங்களை அவற்றுக்குள்ளும் இடம் மாற்றினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு அம்பையும் விரலால் தொட்டுச் சரி பார்த்தேன். மறுபடியும் பழம், மறுபடியும் சூடம், மறுபடியும் நசுங்கல். இறங்கித் தடத்தைப் பார்த்தேன். மூக்கு கொட்டகையைப் பார்த்து இருந்தது.

மறுநாள் விடியும்போது வானம் மூடியிருந்தது. முக்கியமான சீரெல்லாம் காரில். பட்டுப்பாவாடை, வளையல் பெட்டி, வெள்ளிக் கொலுசு எல்லாம் ஒரு தட்டில், சீட்டுக்குப் பின்னால். பித்தளை அண்டாவை என் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்தோம். சாவியைத் திருகியதும் கார் விடாமல் கத்த ஆரம்பித்தது. ஆள் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று நினைத்துக்கொண்டது. அண்டாவுக்குச் சீட் பெல்ட் போட்டேன். சத்தம் நின்றது. தெரு முழுக்கச் சிரித்தது. மற்ற தட்டுகளோடும் சொந்தக்காரர்களோடும் கொழுந்தன் வேனில் பின்னால் வந்தார்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்வாக ஏறி இறங்கினேன். கொஞ்சத் தூரம் போனதும் ஓரங்கட்டி, நட்டுகளை இறுக்கிப் பார்க்கச் சொன்னேன். கொழுந்தன் ஸ்பேனரோடு சுற்றி வந்து, “எல்லாம் கல்லு மாதிரி இருக்கு, போங்க தாயே” என்று கும்பிட்டார்.

அறந்தாங்கியைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. வைப்பர் வழிக்க வழிக்கக் கண்ணாடி நிரம்பியது. ரோட்டில் தாழ்ந்த இடங்களிலெல்லாம் தண்ணீர் குறுக்கே ஓடியது. ஓரங்கட்டி நின்றுவிடலாமா? நின்றால் நல்ல நேரம் போய்விடும். நாத்தனாரின் மாமியார் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். காரை மெதுவாக்கினேனே தவிர, நிறுத்தவில்லை. தண்ணீருக்குள் இறங்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் சளார் என்று ஒதுங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமே எனக்குத் துணையாகிவிட்டது.

ஒரு வளைவு திரும்பியதும், கருவைக் காட்டுக்குள்ளிருந்து ஆட்டுக் கூட்டம் ஒன்று ரோட்டுக்குள் பாய்ந்தது. மழைக்கு ஒதுங்க ஓடுகிற ஆடுகள், நிற்குமா? கால் தானாக பிரேக்கை மிதித்தது. கண்ணை மூடிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

கார் நின்றது. வழுக்கவில்லை, திரும்பவில்லை, கோடு போட்டது போல நேராக நின்றது. கண்ணைத் திறந்தால் ஒரு வெள்ளாடு, கொஞ்சம் தள்ளி, மழையில் நனைந்துகொண்டு என்னையே பார்த்தது. பக்கத்துச் சீட்டில் அண்டா பெல்ட்டுக்குள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பின்னால் தூரத்தில் வேன் நின்றது. கொழுந்தன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“அண்ணி! ஒண்ணும் ஆகலயே?”

“நின்னுருச்சு தம்பி.”

“பாத்தேன்.” குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீர் வழிகிற முகத்தோடு நிமிர்ந்தார். “மொத எலுமிச்சம்பழத்தோட, நான் போட்டபடியே வந்திருந்தா ஆட்டுக்காரரு இன்னைக்கு நமக்குக் கறி வெட்டியிருப்பாரு.”

நான் சிரித்தேன். அழுகை மாதிரியும் வந்தது. ஆனால் அது சிரிப்புதான்.

மணமேல்குடிப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. நாத்தனார் வீட்டு வாசலில் பந்தலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் கார் தெருமுனை திரும்பியதும் மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தார்கள். வாசலுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லோரும் காருக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

நாத்தனாரின் மாமியார் முன்னால் வந்து மருமகளைப் பார்த்தாள். “ஏன்டி, காரு வந்திருக்கு, மாமன் எங்க?” என்றாள்.

“மாமன் வீட்டு அத்தையே ஓட்டிட்டு வந்திருக்கு. ஒங்களுக்குக் கண்ணு தெரியலையா?” என்றாள் நாத்தனார். குரல் உடைந்தாலும் தலை நிமிர்ந்திருந்தது.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இந்த மழையிலயா? நீயா?”

“நாந்தாங்க.”

அவள் உள்ளே போய் ஆரத்தித் தட்டோடு வந்தாள். எனக்குச் சுற்றினாள். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், காருக்கும் சுற்றினாள். அண்டாவை நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தன் மணையில் உட்கார்ந்தார். குழந்தை அழுத அழுகையை வீடியோ காலில் பார்த்து வெளிநாட்டில் இன்னொரு மாமனும் கண்ணைத் துடைத்தார்.

பந்தி நடக்கும்போது நான் வாசலுக்கு வந்தேன். ஈரமான கடல்மண்ணில் கார் வந்த தடம் தெருமுனையிலிருந்து வாசல் வரை தெளிவாகக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு வியும் மூக்கை நான் வந்த வழிக்குத் திருப்பியிருந்தது. ஒரு படம் எடுத்து இவருக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டார். “எல்லாரும் புள்ளை போட்டோ அனுப்புறாங்க. நீ மண்ணை அனுப்பியிருக்க?”

“நல்லாப் பாருங்க. மூக்கு எங்கிட்டு இருக்கு?”

“எந்த மூக்கு? எங்கிட்டு இருக்கணும்?”

உள்ளே பாயசத்துக்குக் கூப்பிட்டார்கள். வரேன் என்று கை காட்டிவிட்டு, காரின் மேல் சாய்ந்து நின்றுகொண்டேன்.

“சொல்றேன், கேளுங்க” என்றேன்.